இணையப் பக்கங்களில் எழுத்து நிறமும் பின்புல நிறமும்: விதி சொல்வது என்ன?

புதுதில்லி: உதவித்தொகை விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு தொடங்குவது வரை பல பணிகள் இணையத்துக்கு மாறியுள்ள நிலையில், பக்கத்தில் உள்ள எழுத்தைப் படிக்க இயலாதவர் அந்தச் சேவையையே இழக்க நேரிடுகிறது. வெள்ளைப் பின்புலத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் அமையும் எழுத்து, பார்வைத் திறன் குறைந்தோருக்கும் முதியோருக்கும் மட்டுமன்றி, வெயிலில் கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் தடையாகிறது.

சட்டப் பின்னணி

மின்னணு ஊடகங்களில் உள்ள தகவல்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 கூறுகிறது. எண்ம சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பு, இணைய அணுகலுக்கான 2.1 பதிப்புச் சர்வதேச நெறிகளின் 'ஏஏ' தரத்தைப் பின்பற்றுகிறது.

அளவீடு எப்படி?

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு 'கான்ட்ராஸ்ட்' விகிதமாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டும் ஒரே நிறமானால் 1:1. வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. 'ஏஏ' தரத்தின்படி வழக்கமான எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 தேவை. 18 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துக்கும், தடித்த வடிவில் 14 புள்ளி முதலான எழுத்துக்கும் 3:1 போதும். உள்ளீட்டுப் பெட்டிகளின் எல்லைக் கோடு, பொருள் உணர்த்தும் குறியுருக்கள் ஆகியவற்றுக்கும் 3:1 வேண்டும். நிறுவன இலச்சினைகளுக்கு விலக்கு உண்டு.

இந்த அளவை முழு எண்ணாக்கிச் சரிக்கட்ட முடியாது. வெள்ளைப் பின்புலத்தில் #767676 என்ற சாம்பல் நிறம் சுமார் 4.54:1 பெற்றுத் தேறுகிறது. கண்ணுக்கு ஏறத்தாழ அதே நிறமாகத் தெரியும் #777777 சுமார் 4.48:1 மட்டுமே பெறுவதால் தேறுவதில்லை.

நிறம் வேறு, ஒளிர்வு வேறு

இரு நிறங்கள் வெவ்வேறாக இருப்பதாலேயே எழுத்து தெளிவாகிவிடாது. ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு சுமார் 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்துக்கு 7 விழுக்காடும் பங்கு தரப்படுகிறது. எனவே, வெள்ளையின் மீது தூய நீலம் 8.59:1 பெற, தூய பச்சை 1.37:1 மட்டுமே பெறுகிறது. பச்சையின் மீது சிவப்பு எழுத்து 2.91:1 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது.

தகவலை நிறத்தால் மட்டும் உணர்த்துவதும் கூடாது. விண்ணப்பத்தில் பிழையான கட்டம் சிவப்பாக மாறினால் மட்டும் போதாது. 'அஞ்சல் குறியீட்டு எண் 6 இலக்கம் இருக்க வேண்டும்' என எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர், இல்லையேல் எங்கே தவறு என்று அறியாமலேயே விண்ணப்பத்தைக் கைவிட நேரிடும்.

சரிபார்க்கும் வழி

குரோம் உள்ளிட்ட உலாவிகளின் மேம்பாட்டுக் கருவிகளில் இந்த விகிதத்தைக் கட்டணமின்றிக் காணலாம். படங்களின் மீது அமையும் எழுத்து, சுட்டியை நகர்த்தும்போது நிறம் மாறும் இணைப்புகள், உள்ளீட்டுப் பெட்டிகளில் மங்கலாகத் தோன்றும் குறிப்புச் சொற்கள் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். வடிவமைப்பின் தொடக்கத்திலேயே நிறங்களை இவ்வாறு தேர்ந்தெடுத்தால், பின்னர் தளம் முழுவதையும் திருத்தும் செலவு மிச்சமாகும்.