கட்டி அவிழ்த்த மரங்கள்

வைகறைப் பொழுதில் திருவான்மியூர்க் கடற்கரையில் உலாவச் செல்லும் நண்பர்கள் ஐவர் நாங்கள். அண்மையில் ஒருநாள், எங்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தில் பணிபுரியும் தம் மகன் அனுப்பியிருந்த நிழற்படங்களைக் காட்டினார். அந்நாட்டின் மேற்குக் கரையோரம் சிதறிக் கிடக்கும் ஹெப்ரடீஸ் தீவுகளுக்கு நடுவே, ஒருவர் மட்டுமே அமரத்தக்க ஒடுங்கிய படகுகளில் இளைஞர் அறுவர் துடுப்பு வலித்துச் செல்கின்றனர். காலையில் ஒரு கரையிலிருந்து புறப்பட்டு, ஒரு தீவைச் சுற்றி வந்து, ஆளில்லா மணற்பரப்பில் கட்டுச்சோறு உண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்புகின்றனர். ‘கயாக்’ என்பது அப்படகின் பெயர்.

படங்களைப் பார்த்து முடித்ததும் மற்றொரு நண்பர் கேட்டார்: “கடலோரத்திலேயே வாழ்நாளைக் கழித்தோமே, நாம் எத்தனை முறை கடலுக்குள் சென்றிருக்கிறோம்?”

ஐவருள் மூவருக்கு விடை ‘ஒருமுறை’. இருவருக்கு ‘ஒருமுறைகூட இல்லை’. அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தோலால் ஆன படகு

ஸ்காட்லாந்தின் தீவுகளுக்கும் சிறு படகுகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கி.பி. 563ஆம் ஆண்டில் புனித கொலம்பா தம் தோழர் பன்னிருவருடன் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து அயோனா என்னும் சிறு தீவை அடைந்தார். அவர் வந்தது, மரச்சட்டத்தின்மேல் விலங்குத் தோலைப் போர்த்திய படகில் என்பது மரபு. அவர் கரையிறங்கியதாகக் கருதப்படும் விரிகுடா இன்றும் அப்படகின் பெயராலேயே வழங்குகிறது. அத்தீவில் அவர் நிறுவிய துறவு மடத்திலிருந்தே வட பிரித்தானியாவின் பெரும் பகுதிக்கு நற்செய்தி பரவியது.

கயாக் படகோ வேறு மக்களின் படைப்பு. வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழும் இன்யூட் மக்கள், சீல் என்னும் கடல் விலங்கை வேட்டையாடுவதற்கு இதனை அமைத்தனர். கடலில் மிதந்து வரும் மரத்துண்டுகளாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அவ்விலங்கின் தோலையே மேலே தைத்தனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளின் அருகே இத்தகைய தோற்படகில் தனி மனிதர் தென்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. அவ்வாறு வந்து சேர்ந்த பழைய கயாக் ஒன்றை அபர்டீன் பல்கலைக்கழகம் இன்றளவும் காத்து வருகிறது.

பிழைப்புக்கான இப்படகு பொழுதுபோக்குக்கு உரியதானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1865ஆம் ஆண்டில் ஜான் மெக்ரெகர் என்னும் வழக்கறிஞர், இதன் சாயலில் மரத்தால் சிறு படகொன்றைச் செய்து, ‘ராப் ராய்’ எனப் பெயரிட்டு, ஐரோப்பாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியே பயணம் செய்தார். மறு ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூல் பலரையும் துடுப்பைக் கையிலெடுக்கச் செய்தது. இன்று நண்பர் மகன் நெகிழிப் படகில் தீவைச் சுற்றி வருவது அத்தொடர்ச்சியின் ஒரு கண்ணியே.

நீரை உள்ளே விடும் கலை

நம் கரையின் இயல்பு வேறு. சோழமண்டலக் கரை நேர்கோடு போன்றது. சென்னைக்கு எதிரே ஒதுங்குவதற்குத் தீவு இல்லை. அலையைத் தடுக்கும் விரிகுடாவும் இல்லை. வங்கக் கடலின் அலைகள் கரையை நெருங்கியதும் எழுந்து, வரிசை வரிசையாய் உடைந்து விழுகின்றன. இவ்வலைகளைக் கடப்பதே இங்குள்ளோர்க்கு முதற் சோதனை.

இன்யூட் மக்களும் நம் மீனவரும் கடலின் முன் ஒரே சிக்கலை எதிர்கொண்டனர்: சிறு கலத்துள் நீர் புகுந்தால் என் செய்வது? இருவர் கண்ட விடைகளும் நேர் எதிரானவை. கயாக் நீரை முற்றிலும் தடுக்கிறது. செலுத்துவோரின் இடுப்பைச் சுற்றித் தோலை இறுகக் கட்டிவிடுவதால் ஒரு துளியும் உள்ளே இறங்காது. படகு கவிழ்ந்தாலும், துடுப்பை வீசி அவர் மீண்டும் நிமிர்ந்துவிடுவார். கட்டுமரமோ நீரைத் தடுப்பதே இல்லை. எடை குறைந்த மரங்கள் மூன்றோ ஐந்தோ கயிற்றால் பிணைக்கப்படுகின்றன, அவ்வளவே. மேலே விழும் அலை, மரங்களின் இடுக்கு வழியே தானே வடிந்துவிடுகிறது. நிறைவதற்குப் பள்ளமே இல்லாத கலம் எப்படி மூழ்கும்? அது புரண்டாலும் மிதக்கும். அதன் மேலிருந்தவர் நீந்தி வந்து மீண்டும் ஏறிக்கொள்வார்.

கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஈரம் ஊறிய மரம் கனக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் கட்டுவதும் அவிழ்ப்பதும் தொழிலின் பகுதியாயின.

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்துள்ளார். ஒருவரை மட்டுமே சுமக்கும் மிகச் சிறிய மரங்களையும், அவற்றில் செல்வோரின் கால்கள் எந்நேரமும் நீரில் இருந்ததையும் அவர் வியந்து எழுதினார். ஒருவர் மட்டும் அமரும் கலம், நீர்மட்டத்தோடு ஒட்டிய இருக்கை: கயாக்கின் உடன்பிறப்பு இங்கேயே இருந்தது!

துறைமுகம் இல்லாத நகரம்

1639இல் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் இடம் பெற்றபோது இங்குத் துறைமுகம் கிடையாது. அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளுநராயினும் படைவீரராயினும் மறைப்பணியாளராயினும், அலைகளைக் கடந்து கரை சேர்வதற்கு நம் மீனவரின் கைகளையே நம்ப வேண்டியிருந்தது. பொதிகளும் மக்களும் ‘மசூலா’ எனப்பட்ட படகுகளில் ஏற்றப்பட்டனர். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை; ஆதலால் அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன.

மசூலாப் படகுகளின் அருகே கட்டுமரங்கள் காவலாகச் சென்றன. படகு கவிழ்ந்தால், நீரில் விழுந்தோரை மீட்பது கட்டுமரக்காரர் பொறுப்பு. கடல் சீறி, படகு விடலாகாது என்று கரையில் கொடியேற்றப்பட்ட நாளிலும், கப்பலுக்கும் கோட்டைக்கும் இடையே கடிதம் கொண்டு சென்றவர் இவரே. ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைப் பொதிந்து, நனையாமல் சேர்ப்பித்தனர். உயிர் காத்தோர்க்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. எடின்பரோவில் பிறந்த கடற்படைத் தலைவர் பேசில் ஹால், 1830களில் வெளிவந்த தம் நூலில் சென்னையின் அலைகளையும் அவற்றை வென்ற இம்மக்களையும் விரிவாக எழுதினார். தீவுகளின் நாட்டிலிருந்து வந்தவர்க்கே நம் கடற்கரை வியப்பளித்தது என்பது கருதத்தக்கது.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881இன் பெரும்புயல் அப்பணியைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. மசூலாப் படகின் தேவை மறைந்தது. கட்டுமரம் மீன்பிடிக் கலமாக நிலைத்தது. அதன் பெயரோ கடல் கடந்தது. 1876இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரிஷாஃப் இரு உடல்கள் கொண்ட பாய்மரப் படகொன்றைச் செய்து, நியூயார்க்கில் நடந்த போட்டியில் முந்தினார். அத்தகைய படகுகளுக்கே ‘கட்டமரான்’ என்னும் பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று. இன்று அச்சொல்லைக் கேட்கும் வெளிநாட்டார் மனத்தில் தோன்றுவது செல்வர்தம் உல்லாசப் படகே. சொல்லைக் கொடுத்தவர் யாரென அறிந்தோர் சிலர்.

ஒருநாள் பயணம்

எங்களில் மூவர் ஒருமுறை கடலுக்குள் சென்றோம் என்றோம் அல்லவா? அது 1986ஆம் ஆண்டு, அலை தணிந்திருந்த ஒரு மார்ச் மாதக் காலை. குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் வேண்டுதலுக்கு இணங்கித் தம் மரத்தில் ஏற்றிக்கொண்டார். முதல் அலையிலேயே முழுதும் நனைந்தோம். மூன்றாம் அலையைத் தாண்டியதும் ஓசை அடங்கியது. மரங்களின் இடுக்கு வழியே கடல் எங்கள் பாதங்களைத் தொட்டுத் தொட்டு விலகியது.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, நாம் அன்றாடம் நடக்கும் ஊர் வேறோர் ஊராகத் தெரிந்தது. நேரே மருந்தீசுவரர் கோயில் கோபுரம், வடக்கே தொலைவில் சாந்தோம் ஆலயத்தின் ஊசிக் கோபுரம், பின்னணியில் பரங்கிமலை. கோயிலும் ஆலயமும் மலையும் அப்பெரியவர்க்கு வழிகாட்டிகள். எது எதற்கு நேராக வருகிறது என்று பார்த்தே தாம் நிற்கும் இடத்தை அறிவதாகக் கூறினார். வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என நாம் பாடநூலில் கற்ற காற்றுகள் அவர்க்கு உடலால் அறிந்த உறவினர்.

திரும்பும்போது, கரையை நெருங்கிய வேளையில் எங்களுள் ஒருவர் பிடி நழுவிக் கடலில் விழுந்தார். அவர் அலறுவதற்குள் பெரியவர் ஒரு கையால் சட்டையைப் பற்றித் தூக்கி மரத்தில் போட்டார். மறுகையில் துடுப்பு அசைந்துகொண்டே இருந்தது. கரையில் நாங்கள் பணம் நீட்டியபோது, “இதுக்கெல்லாமா காசு? மீன் வாங்கிட்டுப் போங்க சார்” என்றார். அவர் பெயரைக் கேட்டறிய அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை இன்றும் உறுத்துகிறது.

கல்லில் எழுதாத பெயர்கள்

திருவான்மியூரிலிருந்து மணலோரமாய் வடக்கே நடந்தால் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிறமான நினைவு வளைவு ஒன்று நிற்கும். 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், பிறர் உயிரைக் காக்க முயன்று தம் உயிரை இழந்த ஷ்மிட் என்னும் ஐரோப்பியருக்காக எழுப்பப்பட்டது அது. தக்கார்க்குச் செய்த தக்க மரியாதை. அதைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக இதே அலைகளிலிருந்து எத்தனையோ பேரை மீட்டெடுத்த கட்டுமரக்காரர்க்கு, நாங்கள் நடக்கும் இக்கரையில் ஒரு கல்லும் காணோம். பதக்கம் பெற்றோரின் பெயர்களையும் நம்மில் யாரும் அறியோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கலங்களை நொறுக்கிற்று. அரசும் தொண்டு அமைப்புகளும் நம் திருச்சபையின் சமூகப்பணி அமைப்புகளும் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. அவை விரைவானவை, தொலைவு செல்பவை, பிழைப்பைத் தந்தவை. அன்று அது காலத்தாற் செய்த உதவி. நம் ஏக்கத்துக்காக ஒருவர் மீண்டும் மரத்தில் துடுப்பு வலித்து முதுகு வளைய வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் படகு கொடுத்த நாம், கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகளை எண்ணிப் பார்க்க மறந்தோம். அண்மையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், அவர்தம் மரம் என்னாயிற்று எனக் கேட்டோம். “அவுத்துப் போட்டது அவுத்துப் போட்டதுதான். திரும்பக் கட்டலை” என்றார்.

நாங்கள் கடலுக்குள் சென்ற அதே 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிலேயக் கடலில் நீர் வற்றியபோது, சேற்றிலிருந்து பழைய மீன்பிடிப் படகொன்று வெளிப்பட்டது. அது இயேசு ஆண்டவர் வாழ்ந்த நூற்றாண்டைச் சார்ந்தது என்று ஆய்வாளர் கண்டனர். பல்வேறு மரத்துண்டுகளால் ஒட்டுப்போட்ட ஏழை மீனவர் படகு அது. பேதுருவின் படகு என்று எவரும் சொல்லவில்லை. எவருடையது என்றே தெரியாது. எனினும் பல ஆண்டுகள் உழைத்து அதனைக் காத்தனர். இன்று திருப்பயணிகள் அதன்முன் அமைதியாய் நிற்கின்றனர். நம் கரையிலோ அத்தகைய கலம் இருபது ஆண்டுகளுக்கு முன்வரை நாள்தோறும் கட்டி அவிழ்க்கப்பட்டது!

கிரீன்லாந்திலும் கயாக் ஒருகாலத்தில் மறையும் நிலைக்கு வந்தது. விசைப்படகு வந்ததும் வேட்டைக்காரர் அதனைக் கைவிட்டனர். 1980களில் அந்நாட்டு இளைஞர்கள் சங்கம் அமைத்து, முதியோரிடம் சென்று படகு கட்டவும் கவிழ்ந்து நிமிரவும் கற்றனர். அவர்கள் வேட்டைக்குத் திரும்பவில்லை. அறிவை மட்டும் மீட்டுக்கொண்டனர்.

நம்மாலும் அது இயலும். மரம் கட்டத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம் குப்பங்களில் உள்ளனர். அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். கரையோரப் பங்குகளின் இளைஞர்கள் அவர்களிடம் ஒரே ஒரு மரமேனும் கட்டக் கற்றுக்கொண்டு, அலை தணிந்த நாளில், கடலறிந்தோர் துணையுடன், மூன்று அலைகளுக்கு அப்பால் சென்று தம் ஊரைத் திரும்பிப் பார்க்கலாம்.

எங்கள் நண்பர் தம் மகனுக்கு மறுமொழி எழுதிவிட்டார். அடுத்த விடுமுறையில் வரும்போது அவனைக் குப்பத்துக்கு அழைத்துச் செல்லப் போகிறாராம். இம்முறை போகும்போது, முதலில் பெரியவரின் பெயரைக் கேட்க வேண்டும் என்று நாங்கள் ஐவரும் தீர்மானித்திருக்கிறோம்.