பூக்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு

மொட்டை மாடிக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும் ஆசாமி நான். அப்படிப்பட்டவன் 2019 ஜூலையில் ஒரே நாளில் எட்டு மைல் நடந்தேன்னா நம்புவீங்களா? எல்லாம் பூ பார்க்கத்தான். ஆசை எனக்கில்லை, தங்கமணிக்கு. :-)

இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. மலைக்கு எதிரே ஜான்ஸ்டன் ரிட்ஜ் என்று ஒரு முகடு. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு 'பவுண்டரி டிரெயில்' வழியாக ஹாரிஸ் ரிட்ஜ் வரை போய்த் திரும்பினால் சுமார் எட்டு மைல். ஜூன் கடைசியும் ஜூலையும்தான் பூ சீசன். நாங்க போனது சனிக்கிழமை, கூட்டத்துக்குக் கேட்கணுமா?

பாதையின் ரெண்டு பக்கமும் ஊதா நிற லூபின், ரத்தச் சிவப்பில் 'இந்தியன் பெயிண்ட்பிரஷ்'. (இந்தியன்னதும் காலரைத் தூக்கி விட்டுக்காதீங்க. இது செவ்விந்தியர்னு நாம படிச்ச அந்த மண்ணின் மக்களைக் குறிக்கிற பேர்.) பின்னாடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற மலை. ஆமாம், மலைக்கு வடக்குப் பக்கம் கிடையாது. 1980 மே 18, ஞாயிறு காலை 8.32க்கு ஒரு நிலநடுக்கம் வந்து அந்தப் பக்கம் முழுசும் சரிந்து விழுந்தது. மூடியைத் திறந்த சோடா பாட்டில் மாதிரி, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்தது. சுமார் 230 சதுர மைல் காடு நாசம். 9,677 அடி மலை 8,363 அடி ஆனது.

அப்புறம் புல் பூண்டு இல்லாத சாம்பல் வெளி. அதில் அடுத்த ஓரிரு வருஷத்திலேயே முதலில் தலைகாட்டியது இந்த லூபின்தான். நம்ம பயறு, அவரை குடும்பம். வேர் முடிச்சில் இருக்கிற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். நம்ம ஊரில் கொழுஞ்சி விதைத்து மடக்கி உழுவாங்களே, அதே வேலையை இது அங்கே தானாகச் செய்தது. 1982ல் 1,10,000 ஏக்கரைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிச்சு, மனுஷன் கை வைக்காமல் இயற்கை தானே திரும்பி வரட்டும்னு விட்டுட்டாங்க.

அதனால பாதையை விட்டு இறங்கக் கூடாது, மீறினால் அபராதம். நான் போட்டோ ஆசையில் ஒரு காலை எடுத்து வெளியே வைக்க, "ஏங்க, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று தங்கமணி. சமாளிக்கணுமே. "கோட்டைத் தாண்டினவங்கதானே அன்னிக்கு செத்தாங்க, எனக்குத் தெரியாதா" என்று பெரிய அறிவாளி மாதிரி சொல்லிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து வண்டி எடுக்கும் முன்னே அங்கிருந்த நினைவுக் கல்லைப் பார்த்தோம். 57 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிற இடமும் உண்டு. தங்கமணி ரொம்ப நேரம் படித்துவிட்டு, "இத்தனை பேருமா தடையை மீறிப் போனாங்க?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். எங்கேயோ கேட்டது. சரிபார்த்தது கிடையாது.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தூக்கம் போச்சு.

அந்த வருஷம் மார்ச்சிலேயே மலை நடுங்க ஆரம்பிச்சாச்சு. வடக்குச் சரிவு ஒரு நாளைக்கு ஐந்தடி வீதம் வெளியே புடைத்துக்கொண்டு வந்தது. ஏப்ரல் 30ல் ஆளுநர் டிக்ஸி லீ ரே சிவப்பு மண்டலம், நீல மண்டலம்னு பிரித்து உத்தரவு போட்டார். சிவப்புக்குள் பொதுமக்கள் போகக் கூடாது. நல்ல விஷயம்தானே? ஆனால் மேற்குப் பக்கம் அந்தக் கோட்டை எங்கே போட்டாங்க தெரியுமா? அரசாங்கக் காடு முடிந்து வேயர்ஹவுசர் என்கிற மரக் கம்பெனியின் நிலம் எங்கே ஆரம்பிக்குதோ, அங்கே. மலை உச்சிக்குச் சில மைல் தூரத்தில். எரிமலைக்குப் பட்டா, சிட்டா எல்லாம் தெரியுமா என்ன?

57 பேரில் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்றவர்கள் வெளியேதான் இருந்தார்கள். பத்து மைலுக்கும் அப்பால் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள்கூடத் தப்பவில்லை. கோட்டை மேற்கே தள்ளிப் போடச் சொல்லும் பரிந்துரை ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருந்தபோதே மலை வெடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் மரம் வெட்டும் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் பிழைத்தார்கள்.

அப்படியிருந்தும் 'சொல்லைக் கேட்காமல் போனவர்கள்' என்கிற பேர் எப்படி வந்தது? ஆளுநர் தரப்பும் அப்படித்தான் பேசியது. பார்வையிட வந்த ஜனாதிபதி கார்ட்டரும், தடையை மதிக்காததும் உயிரிழப்புக்கு ஒரு காரணம் என்கிற மாதிரி பேசினார். இன்னொரு காரணம் ஹாரி ட்ரூமன் (ஜனாதிபதி இல்லீங்க, இவர் வேற). ஸ்பிரிட் ஏரிக்கரையில் விடுதி நடத்திய 83 வயசுப் பெரியவர். பதினாறு பூனைகளோடு இருந்தார். மலையை விட்டு வர மாட்டேன்னு அடம் பிடித்து டிவி, பத்திரிகை எல்லாவற்றிலும் ஹீரோ ஆனார். சரிவில் புதைந்தும் போனார். நாங்க நடந்து போன ஹாரிஸ் ரிட்ஜ் அவர் பெயரில் இருப்பதுதான். அடம் பிடித்த ஒருத்தர் முகமே 57 பேருக்கும் முகமாகிப் போச்சு.

ஜான்ஸ்டன் ரிட்ஜ் பெயரும் அப்படி வந்ததுதான். டேவிட் ஜான்ஸ்டன், அரசு நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எரிமலை விஞ்ஞானி, வயசு 30. மக்களை மலைப் பக்கம் விடாதீங்கன்னு வற்புறுத்தியவர்களில் ஒருவர். மலையிலிருந்து சுமார் 6 மைலில் இருந்த அந்த முகட்டில் காவல் இருந்தவர், ரேடியோவில் தகவல் சொன்னதோடு சரி. உடல் கிடைக்கவே இல்லை.

இறந்தவர்களின் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. பணத்தை விடுங்க. "எங்க ஆளுங்க முட்டாள் இல்லை" என்று யாராவது சொல்லணுமே, அதுக்குக்கூட அலைய வேண்டியிருந்திருக்கு. நாற்பது வருஷம் கழிச்சு, அந்தக் கல்லுக்கு முன்னாலேயே நின்னு நானும் அதே பழியைச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி தங்கமணியிடம், "நான் சொன்னது தப்பு. முக்கால்வாசிப் பேர் கோட்டைத் தாண்டவே இல்லை, கோடுதான் தப்பான இடத்துல இருந்திருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைப் பதிவுல எழுதுங்க" என்றார்.

எழுதிட்டேன்.

டிஸ்கி: 2023 மே மாதம் மண்சரிவு வந்து ஜான்ஸ்டன் ரிட்ஜ் போகும் சாலையில் ஒரு பாலம் போய்விட்டது, பார்வையாளர் மையத்தையும் மூடினார்கள். கிளம்புறவங்க முதல்ல சாலை திறந்திருக்கான்னு விசாரிச்சுக்கோங்க. போனா, பூவை மட்டும் பார்த்துட்டு வராதீங்க. அந்தக் கல்லையும் ஒரு தடவை நின்னு படிச்சிட்டு வாங்க.