தொழிலை வைத்து வெளிநாட்டில் பி.ஆர். பெறுவது எப்படி? பணம் கட்டும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை



"ஹஜ்ரத், பையனுக்கு கனடா பி.ஆர். வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?" ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இப்படிக் கேட்கும் பெற்றோர் இப்போது அதிகம்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் திருப்பருத்திக்குன்றம் பகுதியில் முந்தைய தலைமுறைக்குத் தறியும் பட்டும்தான் தொழில். இன்றைய பிள்ளைகள் டிப்ளமோ, பி.இ., நர்சிங் முடித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். நம் முன்னோர் பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று வணிகத்திற்குப் போனார்கள். அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போனது. இந்தத் தலைமுறை குடும்பத்தோடு போய்த் தங்க விரும்புகிறது. ரிஸ்க்கைத் தேடிப் பயணிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் விவரம் அறியாமல் வீட்டை அடகு வைப்பது அறிவுடைமை ஆகாது. அந்த விவரங்களை முறையாகப் பார்ப்போம்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

வேலை விசா என்பது குறிப்பிட்ட காலத்திற்கு, பெரும்பாலும் குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்ய மட்டும் அனுமதி. வேலை போனால் விசாவும் போகும். வளைகுடாவில் முப்பது ஆண்டு உழைத்தவரும் கடைசியில் ஊர் திரும்புவது இதனால்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் தரும் கோல்டன் விசாவும், சவூதி அரேபியா அதே ஆண்டு தொடங்கிய பிரீமியம் இகாமாவும் முதலாளியைச் சாராத நீண்டகால வசிப்பு அனுமதிகள். அவை முதலீட்டாளர், உயர் சம்பளக்காரர், சிறப்புத் திறமையாளர் போன்றோருக்கு உரியவை. சாதாரணத் தொழிலாளிக்கு அவை எட்டாது.

பி.ஆர். என்பது நிரந்தர வசிப்புரிமை. எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம், குடும்பத்தோடு வாழலாம். இந்தியப் பாஸ்போர்ட் நம்மிடமே இருக்கும். ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு. கனடா பி.ஆர். வைத்திருப்பவர் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும்.

குடியுரிமை அதற்கும் அடுத்த படி. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்நியக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை பெற்று வந்து போகலாம்.

ஏஜென்ட் சொல்வது இந்த மூன்றில் எது என்பதே முதல் கேள்வி. "முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே பி.ஆர். ஆக்கிக்கொள்ளலாம்" என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தொழில் குறியீட்டில் இருக்கிறது

திறன்மிகு தொழிலாளருக்கு பி.ஆர். தரும் நாடுகள் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்று பார்க்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. கனடாவில் இந்தப் பட்டியலின் பெயர் என்.ஓ.சி. நம் அலுவலகங்களில் கேட்கும் தடையில்லாச் சான்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கனடாவின் எண்ணில் ஐந்து இலக்கங்கள். இரண்டாவது இலக்கம் அந்த வேலைக்கு வேண்டிய படிப்பு, பயிற்சியின் நிலையைக் காட்டும். அதை 'டீர்' என்பார்கள். 0 முதல் 5 வரை ஆறு நிலைகள். கூட்டாட்சி அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 0, 1, 2, 3 ஆகிய நிலைகளுக்கு மட்டுமே இடமுண்டு.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். கையால் நெய்யும் கைவினைஞர் 53124 என்ற எண்ணில் வருவார், டீர் 3. மில்லில் இயந்திரத்தில் துணி நெய்பவர் 94131, டீர் 4. இருவரையும் நாம் நெசவாளி என்றே அழைக்கிறோம். ஆனால் முதலாமவருக்குக் கதவு திறந்திருக்கிறது, இரண்டாமவருக்கு இல்லை. கார் தொழிற்சாலையிலும் இதே கதைதான். இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவர் 72400, டீர் 2. வரிசையில் நின்று கார் பாகங்களைப் பொருத்துபவர் 94200, டீர் 4. இருவரின் அடையாள அட்டையிலும் 'டெக்னீஷியன்' என்றே எழுதியிருக்கலாம்.

வளைகுடா அனுபவமும் கணக்கில் வரும். ஆனால் அங்கே எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவரின் இகாமாவில் 'ஆமில்' என்று, அதாவது சாதாரணத் தொழிலாளி என்று பதிவாகியிருந்தால் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். அங்கே இருக்கும்போதே தொழில் பெயரைத் திருத்திக்கொள்வது நல்லது.

கனடா

1967 முதல் மதிப்பெண் முறையில் குடியேற்றம் தரும் நாடு. 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் திறன்மிகு தொழிலாளி 100க்கு 67 மதிப்பெண் பெற வேண்டும். மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்திற்கு 15, வயதுக்கு 12, வேலை உத்தரவுக்கு 10, அங்கே பொருந்தி வாழும் தகுதிக்கு 10. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுத் தேர்வில் நான்கு பிரிவிலும் குறைந்தது 6 வேண்டும். கடந்த பத்தாண்டுக்குள் தொடர்ந்து ஓராண்டு முழுநேர அனுபவமும் வேண்டும்.

67 என்பது வரிசையில் நிற்க அனுமதி மட்டுமே. அதன் பிறகு 1200 மதிப்பெண்ணுக்கு ஒரு தரவரிசை உண்டு. அதில் மேலே இருப்பவர்களையே அழைப்பார்கள். 2023 முதல் மருத்துவப் பணி, கட்டுமானத் தொழில்கள், பிரெஞ்சு மொழி எனத் தனிப் பிரிவுகளிலும் அழைக்கிறார்கள். வேலை உத்தரவுக்குத் தரவரிசையில் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டது. பொய் வேலை உத்தரவுகள் விலைக்கு விற்கப்பட்டதே காரணம். இன்றும் 'வேலை உத்தரவு வாங்கித் தருகிறோம்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் இதை நினைவில் வையுங்கள். 2025ஆம் ஆண்டுக்கான பி.ஆர். இலக்கையும் கனடா 5 லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தது. போட்டி கூடியிருக்கிறது.

ஆஸ்திரேலியா

இங்கே மூன்று விசாக்கள் முக்கியம். 189 தனித்து விண்ணப்பிப்பது, நேரடி பி.ஆர். 190 மாநில அரசின் பரிந்துரையோடு, இதுவும் பி.ஆர். 491 ஊரகப் பகுதிக்கானது, ஐந்து ஆண்டு தற்காலிக அனுமதி. அங்கே மூன்று ஆண்டு வாழ்ந்து உழைத்த பிறகு 191 விசா வழியாக பி.ஆர். கேட்கலாம்.

அழைப்பு வரும்போது வயது 45க்குக் கீழ் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 65 மதிப்பெண். 25 முதல் 32 வயது வரை இருப்பவருக்கு வயதுக்கே 30 மதிப்பெண் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் தொழிலுக்குரிய அமைப்பு உங்கள் திறனை மதிப்பிட்டிருக்க வேண்டும். கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளருக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, செவிலியருக்கு அன்மாக், தொழிற்பயிற்சி வேலைகளுக்கு டி.ஆர்.ஏ. பாதி விண்ணப்பங்களின் கதி இங்கேயே தெரிந்துவிடும் என்பதால் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

ஜெர்மனி

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத வழி இது. ஜெர்மனி நேரடியாக பி.ஆர். தராது. ஆனால் போகும் பாதை தெளிவானது. பட்டதாரிகளுக்கு புளூ கார்டு உண்டு. அதில் 27 மாதம் வேலை செய்து அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதமே போதும். செவிலியர், தொழிற்பயிற்சி பெற்றவர் போன்ற மற்றத் திறன்மிகு தொழிலாளருக்கு மூன்று ஆண்டு.

2024 ஜூன் முதல் 'வாய்ப்பு அட்டை' ஒன்றும் வந்துள்ளது. அங்கே போய் ஓராண்டு வரை வேலை தேடுவதற்கான அனுமதி அது. அதை பி.ஆர். என்று சொல்லி விற்பவர் ஏமாற்றுகிறார். நம் பிள்ளைகளின் படிப்பை அங்கே ஏற்பார்களா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மொழி கற்க ஓராண்டாவது ஒதுக்க வேண்டும்.

பிரிட்டன், அமெரிக்கா

பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளரை எடுப்பது நிறுத்தப்பட்டது. வேலைக்கான தகுதியும் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தப்பட்டது. 'கேர் விசா' என்று இன்னமும் விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர்கள் பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள்.

ஆவணங்களில் நம் குடும்பங்கள் தடுமாறும் இடங்கள்

பெயர்: முஹம்மது என்ற பெயர் மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம் என ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். இனிஷியல் விரிவாக்கமும் மாறும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். தேவையானால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள்.

நிகாஹ்: ஜமாஅத் நிகாஹ் புத்தகம் மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அனுபவச் சான்று: 'நல்ல முறையில் பணியாற்றினார்' என்ற ஒரு வரிக் கடிதம் பயன்படாது. பதவி, பணி செய்த தேதிகள், வாரத்திற்கு எத்தனை மணி நேரம், சம்பளம், அன்றாடப் பணிகள் அனைத்தும் நிறுவனக் கடிதத்தில் இருக்க வேண்டும். வேலையை விடும்போதே கேட்டு வாங்குங்கள்.

இருப்புத் தொகை: கனடாவில் வேலை உத்தரவு இல்லாமல் போகும் திறன்மிகு தொழிலாளி, குடும்ப அளவுக்கு ஏற்ற தொகையைக் காட்ட வேண்டும். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் நிலுவைக் கடன்களும் கேட்கப்படும். பெற்றோர் அன்பளிப்பாகத் தந்திருந்தால் அதை எழுத்தில் காட்டுங்கள்.

குடும்பம்: மனைவி, மக்கள் அனைவரையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். இப்போது உடன் வராதவரையும் விடக் கூடாது. மறைத்தால் பிறகு அவரை அழைத்துக்கொள்வது பெரும் சிக்கலாகும். கனடாவில் 22 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள் உடன் வரலாம். பெற்றோர் இந்த விண்ணப்பத்தில் சேர மாட்டார்கள். வயதான அத்தா, அம்மாவை யார் பார்ப்பது என்பதை விமான டிக்கெட்டுக்கு முன்பே குடும்பம் மஷ்வரா செய்ய வேண்டும்.

யாரிடம் போவது?

பெரும்பாலான விண்ணப்பங்களை ஏஜென்ட் இல்லாமல் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் நாமே செய்யலாம். உதவி தேவையானால் கனடாவுக்குக் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவர், ஆஸ்திரேலியாவுக்கு 'மாரா' பதிவெண் உள்ளவர் என்று பாருங்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் அங்கேயே உள்ளது. சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் அங்கே விசாரியுங்கள்.

உலகில் எந்த ஏஜென்ட்டாலும் பி.ஆருக்கு உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பதே அவர் பொய்யர் என்பதற்குச் சான்று.

மார்க்கத்தின் பார்வையில்

விசா விண்ணப்பத்தில் போடும் கையெழுத்து ஒரு வாக்குறுதி. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயம் முதல் வசனத்திலேயே ஏவுகிறது. எதிரே இருப்பது முஸ்லிம் நாடா இல்லையா என்பதால் அந்தக் கடமை மாறாது. போலி அனுபவச் சான்று, மூன்று நாளைக்கு மட்டும் வங்கியில் போட்டுக் காட்டும் பணம், காகிதத்தில் மட்டும் நடக்கும் திருமணம் ஆகியவை பொய் சாட்சியின் வகைகளே. சம்பந்தப்பட்ட சட்டமும் கடுமையானது. தவறான தகவல் தந்தால் கனடா ஐந்து ஆண்டு தடை விதிக்கும். ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு, அடையாளத்தையே மாற்றியிருந்தால் பத்து ஆண்டு. "எல்லாம் ஏஜென்ட் செய்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. கையெழுத்து உங்களுடையது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது, அல்பகரா 282. ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்தால் என்ன சேவை, எவ்வளவு தொகை, நடக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வட்டிக்கு நகை வைத்துத் தொடங்கும் பயணத்தில் பரக்கத்தை எங்கே தேடுவது? தேவைப்பட்டால் உறவினரிடம், ஜமாஅத் பைத்துல்மாலில் அழகிய கடன் கேளுங்கள்.

அந்தத் தந்தைக்குச் சொன்ன பதில்

வீட்டுப் பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள். பையன் இந்த மாதம் மூன்று காரியம் செய்யட்டும். தன் அன்றாட வேலையை ஒரு தாளில் எழுதி, அது எந்தக் குறியீட்டில் வருகிறது என்று அரசுத் தளத்தில் பார்க்கட்டும். கம்பெனியில் முறையான அனுபவக் கடிதம் கேட்கட்டும். ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும். முதல் இரண்டுக்கும் செலவே இல்லை. தேர்வுக் கட்டணம் ஏஜென்ட் கேட்கும் தொகையில் ஒரு சிறு துண்டுதான். இந்த மூன்றும் தேறினால் வழி இருக்கிறது. தேறாவிட்டால் எட்டு லட்சம் கட்டினாலும் வழி இல்லை. பிறகு இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான வாழ்வாதாரத்தைத் தருவானாக. அவர்கள் எந்த மண்ணில் வாழ்ந்தாலும் ஈமானோடும் நேர்மையோடும் வாழச் செய்வானாக. ஆமீன்.