குழந்தையின் வளர்ச்சிக் கோடு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த பழம்பதி மண்டூர். அங்கும் அயற்கிராமங்களிலும் பிள்ளை இளைத்தால் 'நாவூறு பட்டுவிட்டது' என்று கூறித் திருநீறு பூசுவது முன்னோர் வழக்கம். ஆயின், இளைப்பு கண்ணுக்குத் தெரியும்போது நோயோ பசியோ பல வாரங்கள் முந்திவிடுகின்றது. அதனை முன்கூட்டியே அறியும் முறை தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

பிரான்சு தேசத்து மொன்பெயார் பிரபு, 1759ஆம் ஆண்டு பிறந்த தம் மகனின் உயரத்தை 1777 வரை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கொருமுறை அளந்து வந்தார். அக்குறிப்புகளை அவருடைய நண்பரும் இயற்கை நூலறிஞருமான பூஃபோன் வெளியிட்டார். சிசுப் பருவத்தில் விரைந்தும், பின்னர் தணிந்தும், குமரப் பருவத்தில் மீண்டும் விரைந்தும் உடல் வளர்வதை அவை காட்டின.

பிரபுவின் மகனுக்குக் கிடைத்த அக்கவனம் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்க நெடுங்காலம் சென்றது. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் பணியாற்றிய டாக்டர் டேவிட் மோர்லி, பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அட்டையைத் தாயிடமே ஒப்படைத்தார். ஒருநாள் நிறை உணர்த்துவது சொற்பமே. மாதந்தோறும் இட்ட புள்ளிகளை இணைக்கும் கோடு ஏறினால் நலம். ஏறாது நின்றால், பிள்ளை கொழுகொழுவென்று தோன்றினும், காரணம் தேட வேண்டும்.

இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனிக்கும் மருத்துவிச்சியின் பணி அவ்வழியே நாடெங்கும் பரவியது. இன்று நிறையும் தடுப்பூசியும் பதியப்பெற்ற ஏட்டைத் தாயே வைத்திருக்கிறாள்.

'எங்கள் பிள்ளைகள் பிறவியிலேயே சிறுத்தவர்கள்' என்று அமைதி கொள்வாரும் உளர். உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் பிள்ளைகளை ஆராய்ந்து, 2006இல் புதிய அளவைகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் தக்க உணவும் சுகாதாரமும் வாய்த்தால், முதல் ஐந்தாண்டுகளில் எந்நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வகையில் வளரும் என்பது அதனாற் புலனாயிற்று. ஆகவே, மண்டூர்ப் பிள்ளையின் கோடு தாழ்ந்தால் குலத்தின் மீதோ தாயின் மீதோ பழி சுமத்துதல் முறையன்று. உணவு, நோய், குடிநீர், குடும்ப வருவாய் ஆகியவற்றுள் குறை எங்கே என்று காலத்தே தேடுவதே அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் கடன்.