பத்திரிகைத் தமிழும் பேச்சு வழக்கும்

கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வீதியிலே நிலைகொண்ட வீரகேசரி 1930இல் தோன்றிற்று. தமிழகத்து வ. ரா. சில காலம் அதன் ஆசிரியராயிருந்து, பேச்சின் ஓட்டத்தை எழுத்தில் ஏற்றினார். ஆயின், அது யாருடைய பேச்சு?

அவ்வினாவை வலுவாக எழுப்பியவர் க. கைலாசபதி. 1959இல் தினகரன் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற அவர், ஈழத்து எழுத்தாளருக்கும் இம்மண்ணின் வாழ்வுக்கும் பத்திரிகையின் பக்கங்களைத் திறந்துவிட்டார். உழைக்கும் மக்கள் தம் வாய்மொழியிலேயே கதைகளிற் பேசலாயினர். பண்டிதர்கள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று கடிந்தனர். அறுபதுகளின் தொடக்கத்தில் மரபுப் போர் மூண்டது. பண்டிதரின் அச்சம் முற்றும் பிழையன்று என்பேன்: செய்தியாளனாயினும் கதாசிரியனாயினும், செவிக்கூர்மையற்றவன் கையில் வழக்குச்சொல் வெறும் எழுத்துப்பிழையாகவே நிற்கும். ஆனால், யாழ்ப்பாணத்திலே சிகையலங்கார நிலையத்தில் உழைத்துக்கொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் நூலாகி, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது.