எல்.ஐ.சி. கட்டடம், சென்னை

சென்னை அண்ணா சாலையில் (அன்றைய மவுண்ட் ரோடு) உள்ள அலுவலகக் கட்டடம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் தென்மண்டலத் தலைமையிடம். உயரம் 177 அடி. பேச்சுவழக்கில் ‘14 மாடி’.

தொழிலதிபர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிட்டது இது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும், கட்டி முடியாத கட்டடம் புதிய கழகத்தின் கைக்கு வந்தது. லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரௌன், மௌலின் தொடங்கிய வேலையைச் சென்னையின் எல்.எம். சித்தாலே முடித்தார். 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அப்போது இந்தியாவிலேயே உயரமான அலுவலகக் கட்டடமாகப் பேசப்பட்டது.

ஆனால் காவிரிக் கரைக்காரர்கள் இதை அண்ணாந்து பார்த்து மலைத்திருக்க வேண்டியதில்லை. 1010இல் இராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 200 அடி. கம்பியும் சிமென்டும் இல்லாத வெறும் கருங்கல்.

1975இல் பெருந்தீ மாடிகளைச் சேதப்படுத்தியது, கட்டடம் சீரமைக்கப்பட்டது. பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்து நாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடுத்து இந்தக் கட்டடம்தான்.