கல் மூடாக்கு: ஈஸ்டர் தீவின் இன்னொரு கதை

வாட்ஸப்பில் அந்தக் கல்முக இமோஜியை அனுப்பாதவர்கள் குறைவு. நீண்ட மூக்கு, இறுகிய உதடு, 'என்னமோ பண்ணித் தொலை' என்கிற பார்வை. பார்த்ததும் நமக்கு நினைவுக்கு வருவது ஈஸ்டர் தீவின் மொவாய் சிலைகள். அந்தத் தீவைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த கதையும் ரொம்ப நாள் அந்த இமோஜி அளவுக்குத்தான் இருந்தது.

கல்லூரியில் ஒரு சுற்றுச்சூழல் தினக் கூட்டத்தில் மைக் பிடித்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "பசிபிக் கடலுக்கு நடுவே ஒரு தீவு. அங்கே இருந்தவர்களுக்குச் சிலைப் பைத்தியம். சிலைகளை உருட்டிக்கொண்டு போக மரத்தை வெட்டினார்கள். கடைசி மரமும் போனது. மண் போனது, சோறு போனது, ஒருவரை ஒருவர் அடித்துத் தின்றார்கள். நாமும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்." நல்ல கைத்தட்டல். ஜாரெட் டயமண்ட் 2005இல் எழுதிய 'கொலாப்ஸ்' நூலிலிருந்து நானாக உருவிக்கொண்ட சாரம் அது. அவர் இவ்வளவு மொட்டையாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அந்தப் பேச்சில் ஒரு பிழை இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்தவை சிலைகள் இல்லை. பழைய தோட்டங்களில் இன்றும் சிதறிக் கிடக்கிற சாதாரணக் கற்கள்.

முதலில் தீவின் தண்ணீர்ப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்று அழைக்கும் அந்தத் தீவின் பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சியை விடக் கொஞ்சம் சிறியது. கிழக்கே சிலி நாட்டுக் கரைக்குப் போக 3,500 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். பாலினீசியர்கள் படகேறி வந்து குடியமர்ந்தது 1200ஆம் ஆண்டு வாக்கில் என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மழை மோசமில்லை. ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 'அப்புறம் என்ன குறை?' என்று கேட்கலாம். குறை தரையில் இருக்கிறது. தீவு முழுக்க எரிமலைப் பாறை. பெய்த மழை சல்லடையில் ஊற்றிய மாதிரி கீழே இறங்கிவிடும். ஆறு கிடையாது, வற்றாத ஓடை கிடையாது. அணைந்த எரிமலை வாய்களில் தண்ணீர் தேங்கிய மூன்று ஏரிகள், அவ்வளவுதான். மேலே ஓயாத கடல் காற்று, அதோடு உப்பு. மண்ணும் பழைய மண். காலங்காலமாக மழை கழுவிக் கழுவிச் சத்து இறங்கிப்போன மண். வந்தவர்கள் கையில் இருந்ததோ சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழை, கரும்பு, சக்கரவள்ளி. இதில் சேம்பும் வாழையும் ஈரம் கேட்கிற பயிர்கள்.

அவர்கள் வந்தபோது தீவில் பெரிய பனை இனம் ஒன்று காடாக நின்றது. சில நூற்றாண்டுகளில் அது அழிந்தது உண்மைதான். தோட்டம் போட மனிதர்கள் வெட்டி எரித்தார்கள். படகோடு வந்த எலிகள் விதைகளைத் தின்றன. காடு போனதும் நிழல் போனது, உதிர்கிற மட்டை போனது, காற்றைத் தடுக்க ஆளில்லை. நான் மைக்கில் சொன்ன கதை இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் தீவில் இருந்தவர்களுக்கு அடுத்த நாள் காலையும் விடிந்தது. பசித்தது. அவர்கள் என்ன செய்தார்கள்?

கல்லைப் பரப்பினார்கள்.

நம்மூரில் மூடாக்கு என்றால் வைக்கோல், சருகு, தென்னை மட்டை. மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடி வைப்பது. மூடுவதற்கு இலைதழை இல்லாத இடத்தில், இருந்தாலும் காற்று வாரிக்கொண்டு போகிற இடத்தில், கல்தான் மூடாக்கு. ராப்பா நூயியில் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளிலிருந்து இது பரவலாக நடந்திருக்கிறது. சில இடங்களில் கைப்பிடி அளவுக் கற்களை மண் மேல் பரப்பினார்கள். சில இடங்களில் கல்லை உடைத்து மேல்மண்ணோடு கலந்தார்கள். சில இடங்களில் பெரிய பாறைகளை நெருக்கிப் போட்டு, இடைவெளியில் கிழங்கை நட்டார்கள். வாழைக்கும் சேம்புக்கும் வட்டமாகக் கல்சுவர் எழுப்பி உள்ளே பயிர் வைத்தார்கள். அதற்கு மனவாய் என்று பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது? விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கிற எண்ணெயைத் திரியின் நுண்ணிய இடைவெளிகள் உறிஞ்சி உச்சிக்கு ஏற்றுகின்றன. உச்சியில் அது எரிந்து தீர்கிறது. மண்ணும் அப்படித்தான். அடி ஈரத்தை மேலே இழுக்கும், மேலே வெயிலும் காற்றும் அதைக் குடித்துவிடும். மண் மேல் ஒரு அடுக்குக் கல் போட்டால் திரி அறுந்துவிடுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற பெரிய இடைவெளி வழியாகத் தண்ணீரால் ஏற முடியாது. ஆனால் மழை பெய்தால் அதே இடைவெளி வழியாகச் சுலபமாக இறங்கும். மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காது. பகல் சூட்டைக் கல் வாங்கி வைத்து இரவில் மெதுவாக விடுவதால் வேருக்குச் சூடும் குளிரும் சட்டென்று மாறாது. இன்னொன்றும் உண்டு. புதிதாக உடைத்த எரிமலைக் கல், கரையக் கரையக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குத் தாதுச் சத்தும் கொடுக்கும். நீருக்கான போர்வை, மெதுவான உரம், இரண்டும் ஒரே கல்லில்.

வறண்ட ஊர்கள் பலவும் தனித்தனியாக இதே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவில் 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து, நல்ல விளைநிலங்களைக் கரும் சரளைக்கு அடியில் புதைத்தது. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை மட்டும் பெய்கிற ஊர். அந்தச் சரளையைத் தோண்டிக் குழி பறித்து, அடியில் இருந்த பழைய மண்ணில் திராட்சை நட்டார்கள். சரளை ஈரத்தைக் காப்பதைப் பார்த்த பிறகு, எரிமலை மூடாத வயல்களுக்கும் சுமந்து போய்ப் போட்டார்கள்.

சீனாவின் கான்சு மாகாணத்தில், லாஞ்சோவ் நகரைச் சுற்றிக் கூழாங்கல் பரப்பிய வயல்களில் சில நூற்றாண்டுகளாகத் தர்பூசணி விளைகிறது. அங்கே ஒரு சொலவடை உண்டு: அப்பன் கல் சுமந்தே சாவான், மகன் வளமாக வாழ்வான், பேரன் வறுமையில் சாவான். கல்லுக்குள் மெல்ல மண் கலந்து சில பத்தாண்டுகளில் வயல் கிழடு தட்டிவிடும். மறுபடி யாராவது கல் சுமக்க வேண்டும்.

அந்தச் சொலவடையை வைத்துக்கொண்டு ராப்பா நூயியைப் பாருங்கள். வண்டி கிடையாது, மாடு கிடையாது, இரும்பு கிடையாது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் போர்க்கும் மீத்தும் தங்கள் சகாக்களோடு 2004இல் போட்ட கணக்குப்படி தீவில் பரப்பப்பட்ட கற்கள் நூறு கோடிக்கும் மேல். கிட்டத்தட்ட ஆயிரம் சிலைகளை வியந்து பார்த்த உலகம், இந்தக் கற்களைத் தரிசு நிலம் என்று நினைத்துத் தாண்டிப் போனது.

ஒருவர் மட்டும் குனிந்து பார்த்தார். 1786 ஏப்ரலில் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் ஒரு நாள் அங்கே தங்கினார். நடக்க விடாமல் இடறுகிற இந்தக் கற்கள்தான் மண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைக்கின்றன, வெட்டப்பட்ட மரங்களின் நிழலை ஓரளவு ஈடு செய்கின்றன என்று எழுதி வைத்தார். சரியான கணிப்பு. ஆனால் அதை இயற்கை தந்த வரம் என்று நினைத்தார். யாரோ முதுகு நோகத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்குள்ளவர்கள் ஆண்டுக்கு மூன்று நாள் வேலை செய்தாலே பிழைத்துக்கொள்வார்கள் என்றும் எழுதினார். வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அதன் மேல் நின்றுகொண்டுதான் அவர் அப்படி எழுதினார்.

அவருக்கு 64 வருஷம் முன்பு, 1722இல் ஈஸ்டர் ஞாயிறு அன்று தீவைப் பார்த்த டச்சுக்காரர் ரொக்கவேனும் பட்டினி கிடக்கிற மக்களைப் பார்க்கவில்லை. வாழையும் கரும்பும் கிழங்கும் விளைகிற வளமான நிலம் என்றுதான் அவர் குறிப்பு சொல்கிறது. அவருடைய ஆட்கள் தீவுக்காரர்கள் சிலரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள் என்பதும் அதே பயணத்தின் கதை.

சரி, எத்தனை பேர் வாழ்ந்தார்கள்? சண்டை இங்கேதான். ஒரு காலத்தில் 15,000, 17,000 பேர் இருந்தார்கள், அப்புறம் 3,000 ஆகச் சரிந்தார்கள் என்றால்தான் 'வீழ்ச்சி' என்ற சொல் நிற்கும். கல் தோட்டங்களின் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, குறைந்தது 4.3, அதிகபட்சம் 21.1 சதுர கிலோமீட்டர் என்றது. 2024 ஜூனில் டிலன் டேவிஸ், கார்ல் லிப்போ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது. கல்லையும் ஈரத்தையும் பிரித்துக் காட்டக்கூடிய அகச்சிவப்புக் கதிர்ப் படங்களை, நேரில் நடந்து குறித்த தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்தது 0.76 சதுர கிலோமீட்டர். பழைய கணக்குகளில் சாலையும் எரிமலைக் குழம்புப் பாறையும் தோட்டமாகச் சேர்ந்துவிட்டிருந்தன. இந்தத் தோட்டங்களும் கடலும் சேர்ந்து சுமார் 3,000 பேரைத் தாங்கும். ஐரோப்பியர் வந்தபோது இருந்த கூட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பரப்பு சுருங்கினால் நூறு கோடிக் கல் என்ற கணக்கும் சுருங்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல் போடாத தோட்டங்களும் இருந்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் மக்கள்தொகையைப் பேச வேண்டும். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு திசையிலிருந்து ஒரு சாட்சி வந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த 15 ராப்பா நூயி முன்னோர்களின் மரபணுவைப் படித்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டில் பெரிய சரிவு நடந்த தடயமே இல்லை என்றார்கள். கூட்டம் சிறியதாகத் தொடங்கி மெதுவாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1860கள் வரை.

1860களில் நடந்ததற்கு மரமோ சிலையோ காரணம் இல்லை. 1862, 1863இல் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் சுமார் 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போயின. பெரும்பாலானவர்கள் அங்கேயே செத்தார்கள். திரும்பி வந்த ஒரு சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் மிச்சம் 111 பேர். 1888இல் சிலி தீவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு ஆட்டுப் பண்ணைக் கம்பெனிகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். மற்ற நிலமெல்லாம் ஆடு மேய. ஐந்து நூற்றாண்டாகக் கல் போட்டு ஈரம் காத்த தோட்டங்களில், அதைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கால் வைக்க அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நான் அன்று மேடையில் சொன்ன கதையில் 1862 இல்லை. கேட்டவர்களில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்கி, அதிலிருந்து நமக்கு ஒரு நீதியும் எடுத்துக்கொண்டோம். இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து, அவர்கள் இயற்கையின் ஞானிகள் என்று இன்னொரு கதை கட்டவும் எனக்கு விருப்பமில்லை. காட்டை அவர்கள் அழித்தார்கள். அழித்த பிறகு, விளைவோடு வாழக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கல் சுமந்தது.

2017 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 7,750. மனவாய்க்குள் பயிர் வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மொவாய்களைச் செதுக்கிய ரானோ ரராக்கு கல்குவாரியின் மண்ணை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டவர்கள், அது தீவிலேயே செழிப்பான மண்களில் ஒன்று என்றும் அங்கே சக்கரவள்ளியும் வாழையும் சேம்பும் பயிரானதற்குத் தடயம் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். செதுக்கும்போது உதிர்ந்த தூளும் சில்லும் மண்ணில் சேர்ந்து அதற்குச் சத்து ஊட்டியிருக்கின்றன. அந்த இமோஜியை இப்போதும் அனுப்பத்தான் செய்கிறேன். அனுப்பும்போதெல்லாம் அந்த முகத்துக்குக் கீழே, மண்ணில், யாரோ நட்டு வைத்த ஒரு கிழங்கு ஞாபகத்துக்கு வருகிறது.